சம்பளத்தோடு கிடைத்த இன்டர்ன்ஷிப் ரத்தாகிவிட்டதா? நெல்லைச் சட்ட மாணவர்களுக்குச் சில வழிகள்

மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு அந்த போன் வந்தது. வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். டெய்லரிடம் அப்போதுதான் வாங்கிய கறுப்புக் கோட்டு கையில் இருந்தது, பாலித்தீன் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. சென்னையில் ஒரு சட்ட நிறுவனத்தில் நான்கு வாரம் இன்டர்ன்ஷிப், பத்தாயிரம் ரூபாய் ஸ்டைபண்டு. மே 5ஆம் தேதி சேர வேண்டும். போனில் பேசியவர், "இந்த வருஷம் மே பேட்ச் யாரையும் எடுக்கலை, சாரி" என்றார். நான் "சரிங்க மேடம், தேங்க்யூ" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஏன், எதனால், அடுத்து என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை நான் ஏதோ தப்பு செய்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது பாளையங்கோட்டையில் வக்கீலாக இருக்கிறேன். ஒவ்வொரு கோடையிலும் இதே கதையோடு இரண்டு மூன்று மாணவர்களாவது வந்து நிற்கிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். ரத்து செய்தது அவர்கள், அதற்கு உங்கள் திறமை காரணமில்லை. பெரிய கட்சிக்காரர் ஒருவர் கைவிட்டுப் போனாலோ, செலவைக் குறைக்க முடிவெடுத்தாலோ, நிறுவனம் முதலில் கைவைப்பது இன்டர்ன் பட்டியலில்தான். உங்கள் கையில் இருப்பது அடுத்த பத்து நாள்.

முதல் நாள்: எழுத்தில் வாங்குங்கள்

போனில் வந்த செய்தியைப் போனோடு விட்டுவிடாதீர்கள். அன்று இரவுக்குள் ஒரு மின்னஞ்சல் போக வேண்டும். கோபமும் கெஞ்சலும் அதில் வேண்டாம். நடந்ததைத் தேதியோடு எழுதினால் போதும். ஏறக்குறைய இப்படி:

"மதிப்பிற்குரிய மேடம், மே 5 முதல் நான்கு வாரத்துக்கு எனக்குத் தரப்பட்டிருந்த இன்டர்ன்ஷிப் ரத்து செய்யப்பட்டதாக இன்று காலை 11 மணியளவில் போனில் தெரிவித்தீர்கள். மார்ச் 12 அன்று நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலுக்கு அன்றே சம்மதம் தெரிவித்திருந்தேன். ரத்தான விவரத்தைக் கல்லூரியில் தெரிவிக்க வேண்டியிருப்பதால், அதை எழுத்தில் உறுதி செய்து அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்."

கல்லூரியைக் காரணமாகச் சொல்வதில் ஒரு வசதி உண்டு. வழக்குப் போடப்போகிறான் என்ற பயம் எதிராளிக்கு வராது, பதில் சீக்கிரம் வரும். அது பொய்யும் இல்லை, கல்லூரியில் நீங்கள் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பழைய மின்னஞ்சல்கள், வாட்ஸ்அப் செய்திகள், ஆஃபர் கடிதம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள். ஆஃபர் கடிதத்தை மறுபடி ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். "நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் திரும்பப் பெறலாம்" என்று ஒரு வரி இருக்கிறதா, ஸ்டைபண்டுத் தொகை எழுத்தில் இருக்கிறதா, இந்த இரண்டும் பின்னால் வேண்டியிருக்கும். உங்களோடு தேர்வான மற்ற மாணவர்களைத் தெரியுமென்றால் பேசிப் பாருங்கள். எல்லோருக்கும் ரத்து என்றால் மனசு கொஞ்சம் லேசாகும். ஆனால் கடிதத்தைக் கூட்டாக எழுத வேண்டாம். ஆளுக்கு ஆள் தேதியும் செலவும் வேறு.

பாதியில் நிறுத்தப்பட்டவர்களுக்கு ஒன்று: வேலை பார்த்த நாள்களுக்கான ஸ்டைபண்டையும், அந்த நாள்களுக்கான சான்றிதழையும் அதே மின்னஞ்சலில் கேளுங்கள். ஒரு வாரம் பார்த்திருந்தாலும் அது ஒரு வாரம்தான்.

அதே இரவு: வீட்டில் சொல்லுங்கள்

நான் மூன்று நாள் மறைத்தேன். அப்பா அதற்குள் சேரன்மகாதேவியில் பாதி ஊருக்குச் சொல்லிவிட்டார், "பையன் மெட்ராஸ்ல வக்கீல் கம்பெனிக்குப் போறான்" என்று. பிறகு அவரே ஒவ்வொருவரிடமாக மாற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் என்னைத் திட்டவில்லை. "முதல்லயே சொல்லிருக்கலாம்லா" என்று மட்டும் கேட்டார். அது எனக்கு இன்னும் வலிக்கிறது. வீட்டில் சொல்லும்போது "போச்சு" என்று மட்டும் சொல்லாதீர்கள். "அங்கே ரத்தாகிவிட்டது, இங்கே கோர்ட்டில் கேட்கப்போகிறேன்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மறுநாள்: பணத்தைத் திரும்ப எடுங்கள்

நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டிருந்தால் உடனே ரத்து செய்துவிடுங்கள். புறப்படும் நேரம் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடிக்கொண்டே போகும். ஒருவேளை கூப்பிட்டுவிடுவார்களோ என்று கடைசி நாள்வரை வைத்திருப்பவர்கள் பாதிக் காசை இழக்கிறார்கள்.

ஹாஸ்டல் அட்வான்ஸ்தான் பெரிய தொகை. வார்டனுக்குப் போன் செய்துவிட்டு, ரத்துக் கடிதத்தையும் அனுப்பிக் கேளுங்கள். முழுவதும் தர மறுத்தால், "அந்த பெட்டுக்கு வேறு ஆள் வந்துவிட்டால் திருப்பித் தருவீர்களா" என்று கேளுங்கள். கல்லூரி குரூப்பில் சென்னைக்குப் போகும் வேறொரு மாணவருக்கு அந்த இடத்தை மாற்றிவிட முடிந்தால் இன்னும் நல்லது. திரும்பி வராத தொகைக்கு ரசீதை எடுத்து வையுங்கள்.

இரண்டாவது மின்னஞ்சல்: மூன்று விஷயம் கேளுங்கள்

ரத்தை உறுதி செய்து பதில் வந்ததும், அல்லது நான்கு நாள் ஆகியும் வராவிட்டால், அடுத்த மின்னஞ்சலை அனுப்புங்கள். முதலில், வேறு மாதத்தில் இடம் தர முடியுமா, அல்லது வீட்டிலிருந்தே செய்யக்கூடிய ஆய்வு வேலை ஏதாவது உண்டா என்று கேளுங்கள். அடுத்து, "இந்த மாணவர் தேர்வு செய்யப்பட்டிருந்தார், நிறுவனத்தின் காரணங்களால் இன்டர்ன்ஷிப் ரத்தானது" என்று லெட்டர்ஹெட்டில் இரண்டு வரி கேளுங்கள். மூன்றாவதாக, திரும்பி வராத செலவை ரசீதோடு வைத்து, அதை ஈடு செய்யக் கேளுங்கள்.

எனக்கு வேறு மாதம் தரவில்லை. கடிதம் வந்தது. ஹாஸ்டலில் பிடித்துக்கொண்ட நாலாயிரம் ரூபாயும் மூன்று வாரம் கழித்து வங்கிக் கணக்குக்கு வந்தது. ரசீது வைத்திருந்ததால்தான் கேட்க முடிந்தது. டிக்கெட் பிடித்தத்தைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. கேட்டிருக்கலாம்.

வழக்குப் போடலாமா?

சட்டம் படிக்கிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. ஆஃபரை நீங்கள் ஏற்றுக்கொண்டு பதில் அனுப்பிவிட்டால், 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி ஒப்பந்தம் இருக்கிறது என்று வாதிட இடம் உண்டு. பிரிவு 73 ஒப்பந்த மீறலால் இயல்பாக ஏற்படும் இழப்புக்கு ஈடு கேட்க வழி தருகிறது. ஆனால் அதே பிரிவின் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள்: அந்த இழப்பைச் சரிசெய்துகொள்ள உங்களுக்கு என்ன வழிகள் இருந்தன என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது. சும்மா வீட்டில் உட்கார்ந்துவிட்டு முழு ஸ்டைபண்டையும் கேட்க முடியாது. வேறு இடம் தேடினீர்கள் என்பதற்கு ஆதாரம் வேண்டும். "எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம்" என்ற வரி கடிதத்தில் இருந்தால் உங்கள் பக்கம் இன்னும் மெலிந்துவிடும்.

என் கருத்தைக் கேட்டால், பத்தாயிரத்துக்காக நோட்டீஸ் விட வேண்டாம். காலக்கெடு மூன்று வருடம் இருக்கிறது, அவசரமும் இல்லை. கையிலிருந்து போன செலவை மரியாதையாகக் கேட்டு வாங்குங்கள். எதிரில் இருப்பவர்களும் வக்கீல்கள்தான், ரசீதோடு எழுதிய கடிதத்தின் எடை அவர்களுக்குத் தெரியும். தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். தொழிலாளருக்கான பாதுகாப்பு மாணவ இன்டர்னுக்கு எளிதில் பொருந்தாது. அதற்காக அலைந்து நாளைக் கழிக்காதீர்கள்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். 2024இல் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து, சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் குறைந்தபட்ச உதவித்தொகை என்று தமிழ்நாடு பார் கவுன்சில் அறிவித்தது நினைவிருக்கும். அது படிப்பு முடித்து பார் கவுன்சிலில் பதிவு செய்த, அதாவது என்ரோல் ஆன ஜூனியர் வக்கீல்களுக்கு. படித்துக்கொண்டிருக்கும் இன்டர்னுக்கு அதைக் காட்டிக் கேட்க முடியாது.

இன்டர்ன்ஷிப்புக்காக உங்களிடம் "ரெஜிஸ்ட்ரேஷன்", "டெபாசிட்" என்று பணம் வாங்கிவிட்டுப் பிறகு ரத்து என்று சொன்னால் விஷயமே வேறு. அது மோசடியாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பணம் போன உடனே 1930 எண்ணுக்குப் போன் செய்து சைபர் குற்றப் புகார் கொடுங்கள். அங்கே மணிக்கணக்கு முக்கியம்.

கல்லூரிக் கணக்கு

இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி, மூன்றாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 12 வாரம், ஐந்தாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 20 வாரம் இன்டர்ன்ஷிப் வேண்டும். ஓர் ஆண்டில் தொடர்ந்து நான்கு வாரத்துக்கு மேல் போகக் கூடாது. சட்ட நிறுவனம், கம்பெனி, தன்னார்வ அமைப்பு, நீதித்துறை, உள்ளாட்சி என்று பல இடங்கள் கணக்கில் வரும். ஆனால் படித்து முடிப்பதற்குள் ஒரு முறையாவது விசாரணை நீதிமன்ற வக்கீலிடமும் மேல்முறையீட்டு வக்கீலிடமும் இருந்தாக வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. ரத்தான நான்கு வாரத்தை உள்ளூர்க் கோர்ட்டில் கழித்தால் எதையும் இழக்கவில்லை. எப்படியும் செய்ய வேண்டியதை முன்கூட்டிச் செய்கிறீர்கள்.

இன்டர்ன்ஷிப் பொறுப்பாசிரியரைப் பார்த்து ரத்துக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, நீங்கள் அந்தக் கல்லூரி மாணவர்தான் என்று காட்டும் புதிய போனஃபைடு சான்று வாங்குங்கள். யாரிடம் சேரப்போகிறீர்கள் என்று தெரியாவிட்டால் முகவரி இடத்தைப் பொதுவாக விட்டுக் கேளுங்கள். இரண்டு பிரதி வாங்கினால் நல்லது.

பாளையங்கோட்டையில் சீனியரைப் பிடிப்பது

இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாணவர்கள் இங்கேதான் தயங்குகிறார்கள். மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். நம் ஊர் சீனியர் வக்கீல்கள் பலர் மின்னஞ்சலைப் பார்த்து ஆளை எடுப்பதில்லை. நேரில் போக வேண்டும்.

எப்போது போவது? கோர்ட் நேரத்தில் வராண்டாவில் மடக்கிப் பிடிக்காதீர்கள். கையில் நாலு வழக்குக் கட்டு, பின்னால் கட்சிக்காரர், எந்த கோர்ட்டில் எந்த கேஸ் கூப்பிடுகிறார்கள் என்று காது அங்கே இருக்கும். மாலை ஆறரைக்கு மேல் ஆபீஸில் போய்ப் பாருங்கள். உள்ளே நுழைந்ததும் முதலில் தென்படுவது குமாஸ்தா. அவரைத் தாண்டிப் போக நினைக்காதீர்கள். "அண்ணாச்சி, சாரைப் பார்க்கணும், லா காலேஜ்ல படிக்கேன்" என்று அவரிடம் சொல்லுங்கள். கட்சிக்காரர்கள் போன பிறகு அவரே உள்ளே அனுப்புவார். அடுத்த நான்கு வாரம் உங்களுக்கு அதிகம் சொல்லிக்கொடுக்கப் போகிறவரும் அவர்தான்.

சீனியரிடம் நீளமாகப் பேச வேண்டாம். எந்தக் கல்லூரி, எந்த வருடம், எத்தனை வாரம், என்ன கற்க வேண்டும். சென்னை இடம் ரத்தானதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நான் சொன்னபோது என் சீனியர் சிரிக்கவும் இல்லை, பரிதாபப்படவும் இல்லை. காலண்டரைப் பார்த்தார். "மே மாசம் சிவில் கோர்ட்டு லீவு, தம்பி. மாஜிஸ்திரேட் கோர்ட்டு நடக்கும், காலைல அங்க போயிப் பாரு. சாயங்காலம் ஆபீஸ்ல வந்து கட்டைப் படி."

அந்த லீவு விஷயத்தைக் கவனத்தில் வையுங்கள். மே மாதத்தில் சிவில் கோர்ட்டுக்குப் போனால் வராண்டா காலியாக இருக்கும். கோடை விடுமுறையில் உங்கள் காலை நேரம் குற்றவியல் நீதிமன்றத்துக்கு, மாலை ஆபீஸுக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஜூனில் சிவில் கோர்ட் திறந்ததும், மே மாதம் நீங்கள் படித்த கட்டு கூப்பிடப்படுவதை நேரிலேயே பார்க்கலாம்.

முதல் வாரம் எனக்குக் கொடுத்தது அம்பாசமுத்திரம் பக்கத்து பாகப்பிரிவினை வழக்குக் கட்டு. சிவப்புத் துணிநாடாவை அவிழ்த்துக் காட்டி, எப்படி அடுக்கியிருக்கிறது என்று குமாஸ்தா அண்ணாச்சி சொல்லிக்கொடுத்தார். மேலே வாய்தாத் தேதிகள், பிராது, எதிருரை, அடுத்து பிரமாண வாக்குமூலம், கடைசியில் ஆவணங்கள். அதில் ஒரு பழைய கிரயப் பத்திரம் இருந்தது. தேதி கொல்லம் ஆண்டில், நிலத்தின் அளவு மரக்கால் விதைப்பாட்டில், அதாவது எத்தனை மரக்கால் விதை விதைக்கலாம் என்ற பழைய கணக்கில். மடித்த இடமெல்லாம் கிழிந்து, பின்னால் மெல்லிய தாள் ஒட்டியிருந்தது. நான்கெல்லையைப் படித்து, இப்போதைய சர்வே எண்ணோடு பொருத்திக் காட்டச் சொன்னார் சீனியர். இரண்டு மாலை ஆயிற்று. மேற்கெல்லையில் எழுதியிருந்த ஓடை இப்போது சாலையாகிவிட்டது, அதைக் கண்டுபிடித்ததும் அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தமிழில் பத்திரம் படித்து வளர்ந்த பையனுக்கும் பெண்ணுக்கும் அது கைவந்த வேலை. சென்னையில் பெரிய கட்டடத்தில் இதைக் கற்றிருக்க மாட்டேன்.

தினமும் இரவு ஒரு பக்கம் டைரி எழுதுங்கள். வழக்கு எண், எந்த கோர்ட், என்ன நடந்தது, உங்களுக்குப் புரியாதது என்ன. கட்சிக்காரர் பெயரைத் தவிர்த்து எழுதப் பழகுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கு எண்ணைப் போட்டு அடுத்த தேதியை நீங்களே பார்த்துவிட்டு வந்தால் சீனியருக்குப் பிடிக்கும். உடை வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேண்ட், கறுப்பு ஷூ. பெண்களுக்கு வெள்ளை கறுப்பில் சுடிதார் அல்லது புடவை. கழுத்தில் வெள்ளைப் பட்டையும் கவுனும் என்ரோல் ஆனவர்களுக்கு மட்டும். கடைசி வாரத்தில் சான்றிதழை நீங்களே டைப் செய்து எடுத்துப்போய்க் கையெழுத்து வாங்குங்கள். சேர்ந்த தேதி, முடித்த தேதி, வக்கீலின் என்ரோல்மெண்ட் எண் மூன்றும் இருக்க வேண்டும்.

சீனியர் யாரையும் தெரியாவிட்டால், நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போனஃபைடு சான்றோடு போங்கள். சட்ட மாணவர்கள் சட்டத் தன்னார்வலர்களாகவும் சேரலாம். தேசிய மக்கள் நீதிமன்றம் நடக்கும் நாளில் அங்கே இருந்து பாருங்கள். விபத்து இழப்பீடு, காசோலை வழக்கு, வங்கிக் கடன் என்று ஒரே நாளில் எத்தனை பேச்சுவார்த்தை நடக்கிறது என்று தெரியும். அம்பாசமுத்திரம், நாங்குநேரி, வள்ளியூர் பக்கத்துக்காரர்கள் பாளைக்கு வந்துதான் ஆக வேண்டும் என்றில்லை. உங்கள் ஊர்க் கோர்ட்டில் கூட்டம் குறைவு, நீதிபதி சொல்வது தெளிவாகக் காதில் விழும், சீனியருக்கும் சொல்லித்தர நேரம் இருக்கும்.

ஜூன் மாதம் விடுமுறை மிச்சமிருந்தால் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கும் கேட்டுப் பாருங்கள். 2004 ஜூலையிலிருந்து நம் மாவட்டத்திலிருந்து உயர்நீதிமன்றத்துக்குப் போகும் மேல்முறையீடு அங்கேதான் போகிறது. பாளையங்கோட்டை சீனியர் ஒருவரின் சிபாரிசில் மதுரையில் இரண்டு வாரம் கிடைப்பது கஷ்டமில்லை.

ஸ்டைபண்டை நம்பியிருந்தவர்களுக்கு

அடுத்த செமஸ்டர் கட்டணத்துக்கு அந்தப் பத்தாயிரத்தை ஒதுக்கி வைத்திருந்தவர்கள் உண்டு. அவர்களுடைய கவலை வேறு மாதிரி. உள்ளூர் சீனியர் இன்டர்னுக்குப் பணம் தருவது அபூர்வம். ஆனால் வேலைக்குப் பணம் உண்டு. கீழ்க் கோர்ட்டின் தமிழ் ஆவணங்களை மதுரைக் கிளைக்கு அனுப்பும்போது ஆங்கில மொழிபெயர்ப்பு தேவைப்படும். பக்கக் கணக்கில் காசு கொடுத்துச் செய்யச் சொல்வார்கள். தமிழ் டைப்பிங் தெரிந்திருந்தால் அதற்கும் ஆள் தேடுகிறார்கள். இரண்டையும் குமாஸ்தாக்களிடம் சொல்லி வையுங்கள், வக்கீல்களைவிட வேகமாக வேலை அவர்கள் வழியாக வரும். முதலில் ஒரு பத்திரத்தை மொழிபெயர்த்துச் சீனியரிடம் திருத்தி வாங்கிக்கொண்டு, அப்புறம் காசு பேசுங்கள்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்கள் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறதா என்று பாருங்கள். பதிவு செய்யாமல் விட்டிருந்தால் கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள்.

அடுத்த முறை ஆஃபர் வந்தால்

பயோடேட்டாவில் ரத்தான இன்டர்ன்ஷிப்பைச் செய்து முடித்ததுபோல எழுதாதீர்கள். நேர்முகத்தில் கேட்டால் "தேர்வாகியிருந்தேன், நிறுவனம் அந்த பேட்சை ரத்து செய்தது, அந்த மாதம் மாவட்ட நீதிமன்றத்தில் இருந்தேன்" என்று சொல்லிவிட்டு அந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். அடுத்த கேள்வி மாவட்ட நீதிமன்றத்தில் என்ன பார்த்தீர்கள் என்பதாகத்தான் இருக்கும். மேற்கெல்லை ஓடையைப் பற்றி நான் சொன்னது அப்படி ஒரு நேர்முகத்தில்தான்.

புதிய ஆஃபர் வந்ததும், சம்மதம் சொல்லும் அதே மின்னஞ்சலில் மூன்றைக் கேட்டுவிடுங்கள்: ஸ்டைபண்டு எவ்வளவு, எந்தத் தேதியில் வரும்; ரத்து செய்தால் எத்தனை நாள் முன்பாகச் சொல்வீர்கள்; வெளியூரிலிருந்து வருகிறேன், டிக்கெட்டும் ஹாஸ்டலும் இப்போது போட்டுவிடலாமா? மூன்றாவது கேள்விக்கு "போட்டுவிடுங்கள்" என்று எழுத்தில் பதில் வந்த பிறகு ஹாஸ்டலுக்கு அட்வான்ஸ் அனுப்புங்கள்.